காசாபிளாங்காவில் கடை விரித்த சீன வணிகர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொராக்கோவின் வணிகத் தலைநகரான காசாபிளாங்காவில் தர்ப் ஒமர் என்றொரு மொத்த வியாபாரப் பேட்டை உண்டு. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலிருந்து சீனாவைச் சேர்ந்த சிறு வணிகர்கள் இங்கே கடை எடுத்து அமரத் தொடங்கினார்கள். சீனர்கள் சந்தையைக் கைப்பற்றிவிட்டார்கள் என்ற பேச்சு அன்று கிளம்பியது; இன்னும் அடங்கவில்லை. மொராக்கோ வணிகர்கள் பல தலைமுறைகளாகப் போட்டுவைத்த தடத்தில்தான் இந்தச் சீனர்கள் வந்து நின்றார்கள் என்பதும், அவர்களுடைய இடத்தைப் பின்னர் குறுக்கியவர்களும் அதே மொராக்கோ வணிகர்கள்தான் என்பதும் இங்குள்ள பதில்களை எழுதியவரின் முடிவு.

தர்ப் ஒமர் எப்படிப்பட்ட இடம்?

காசாபிளாங்காத் துறைமுகத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத, நகரின் நடுப்பகுதியில் அமைந்த கடைத்தெருக்களின் தொகுப்பு அது. பிரெஞ்சுக்காரர் ஆட்சிக்காலத்தில் ஸ்ட்ராஸ்பூர்க் தெரு என்று அழைக்கப்பட்டு இப்போது முகமது ஸ்மீஹா பெயரைத் தாங்கிய சாலையும், லல்லா யாகூத் சாலையும் அதன் பக்கத்தில் ஓடுகின்றன. துணி, செருப்பு, பாத்திரம், விளையாட்டுப் பொருள், தேயிலை, வீட்டு அலங்காரப் பொருள் என்று எதை எடுத்தாலும் நாட்டின் பிற ஊர்களிலிருந்து சில்லறை வியாபாரிகள் வந்து கொள்முதல் செய்யும் இடம் இதுதான். தரைத்தளத்தில் கடை, மேல்மாடியிலோ பின்கட்டிலோ கிடங்கு, உள்ளே நுழைந்தால் 'கிஸ்ஸாரியா' எனப்படும் கூரை வேய்ந்த கடை வரிசைகள் என்பது பொதுவான அமைப்பு. நடைபாதையில் சரக்கு மூட்டைகளும், அவற்றுக்கிடையே வழி கேட்டுக் கூவிக்கொண்டே கைவண்டி தள்ளுபவர்களும் நிறைந்திருப்பார்கள்.

இந்தப் பேட்டையில் நெடுங்காலமாக இரண்டு வணிகக் கூட்டங்கள் செல்வாக்குடன் இருந்துவருகின்றன. ஒன்று, ஃபெஸ் நகரிலிருந்து வந்த பழைய வணிகக் குடும்பங்கள். மற்றொன்று, தெற்கே சூஸ் பகுதியிலிருந்து வந்த அமாசிக் (பெர்பர்) மக்கள். இரு தரப்பினருமே காசாபிளாங்காவுக்கு வெளியூர்க்காரர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

சீன வணிகர்கள் எப்போது, எந்தச் சூழலில் வந்தார்கள்?

1990களின் இறுதியில் ஓரிருவராகவும், 2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் கண்ணுக்குத் தெரியும் அளவிலும் வந்தார்கள். சீனா 2001 டிசம்பரில் உலக வணிக அமைப்பில் சேர்ந்தது. உலகத் துணி வணிகத்தைப் பல பத்தாண்டுகள் கட்டிவைத்திருந்த ஒதுக்கீட்டு முறை 2005 ஜனவரி 1 அன்று முடிவுக்கு வந்தது. இந்த இரண்டு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் சீனத் தொழிற்சாலைகளில் உற்பத்தி பெருகியது. உள்நாட்டிலோ ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ளும் போட்டி. அரசு வேலையை இழந்தவர்கள், சிறு பட்டறை வைத்திருந்தவர்கள், உறவினர் ஒருவர் ஏற்கெனவே வெளிநாட்டில் கடை வைத்திருக்கக் கண்டவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் போட்டி குறைந்த சந்தை தேடிக் கிளம்பினார்கள்.

எல்லோரும் சீனாவிலிருந்து நேரே மொராக்கோவுக்கு வந்துவிடவில்லை. ஸ்பெயின், இத்தாலி, பிரான்ஸ் நாடுகளில் உறவினரின் கடைகளில் வேலை கற்றுக்கொண்டு, அங்கே தனிக்கடை வைக்க முதல் போதாமல் தெற்கே இறங்கியவர்களும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் வியாபாரம் செய்து பார்த்துவிட்டு வடக்கே நகர்ந்தவர்களும் உண்டு. ஐரோப்பாவுக்கும் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் நடுவே கிடப்பதால் காசாபிளாங்கா இரு திசையிலிருந்து வந்தவர்களுக்கும் ஒரு தங்குமிடமாக அமைந்தது.

அதற்கு முன் மொராக்கோவுக்குச் சீனச் சரக்கு வந்ததில்லையா?

வந்தது, மொராக்கோவின் ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் பலமுறை கொதித்தது. புதினாவும் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சும் பச்சைத் தேநீர் இல்லாமல் அந்நாட்டில் விருந்தும் இல்லை, பேரமும் இல்லை. அந்தத் தேயிலை அங்கே விளைவதில்லை. 18ஆம் நூற்றாண்டில் அரண்மனைக்கு ஐரோப்பியர் கொண்டுவந்த காணிக்கையாக இருந்த அது, 19ஆம் நூற்றாண்டில் சாதாரண மக்களின் பானமாயிற்று. 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரால் வடக்கு ஐரோப்பியச் சந்தைகளை இழந்த பிரிட்டிஷ் வணிகர்கள், தேங்கிய சீனத் தேயிலையைத் தாஞ்சியர், மொகாதோர் துறைமுகங்களில் இறக்கியது இதற்கு ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் வழக்கமாகக் குறிப்பிடுவார்கள்.

விடுதலைக்குப் பின், 1958இல் தேயிலை இறக்குமதிக்கென்று மொராக்கோ ஓர் அரசு நிறுவனத்தை அமைத்தது. அதே 1958 நவம்பர் 1 அன்று மக்கள் சீனத்துடன் தூதரக உறவும் ஏற்பட்டது. 1993இல் தேயிலை இறக்குமதி தனியாருக்குத் திறந்துவிடப்பட்டதும் தர்ப் ஒமரின் பெரிய வணிகர்கள் சீன ஏற்றுமதியாளர்களோடு நேரடியாகப் பேசத் தொடங்கினார்கள். மொராக்கோ மளிகைக் கடையில் தேயிலை வாங்குபவர் 41022 என்றோ 4011 என்றோ 9371 என்றோ எண்ணைச் சொல்லிக் கேட்பதை இன்றும் காணலாம். அவை சீன ஏற்றுமதித் துறை தேயிலைத் தரத்துக்கு இட்ட குறியீட்டு எண்கள். சீன மொழியில் ஓர் எழுத்துகூட அறியாத பாட்டிக்கும் அந்த எண்கள் மனப்பாடம்.

இந்தத் தேயிலையில் பெரும்பகுதி செஜியாங் மாகாணத்திலிருந்து வருகிறது. சிறு பொருள் வணிகத்துக்குப் பெயர்பெற்ற யீவூ நகரமும் அதே செஜியாங்கில்தான் இருக்கிறது. தேயிலைக்காகப் போய்வந்த மொராக்கோ வணிகர் திரும்பும்போது கண்ணாடிக் குவளையும் தேநீர்த் தட்டும் பார்த்துவைத்துவிட்டு வருவது இயல்பே.

சீனர்கள் மொராக்கோவைத் தேர்ந்தெடுத்தது ஏன்?

சட்ட வசதி முதற்காரணம். மொராக்கோவில் வெளிநாட்டவர் ஒருவர் வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள சிறு நிறுவனத்தை உள்ளூர்ப் பங்காளி இல்லாமலேயே தம் பெயரில் முழுமையாகப் பதிவு செய்து இறக்குமதி உரிமமும் பெறலாம். பக்கத்து நாடான அல்ஜீரியாவில் அப்படி இல்லை. 2009இல் அங்கே கொண்டுவரப்பட்ட நிதிச் சட்டம், வெளிநாட்டவரின் இறக்குமதி நிறுவனங்களில் குறைந்தது 30 விழுக்காடு உள்ளூர்ப் பங்கு இருக்க வேண்டும் என்றது. மேலும், மொராக்கோவில் அயல்நாட்டுச் செலாவணியில் முதலீடு செய்தவர் தமது இலாபத்தை வங்கி வழியாகவே ஊருக்கு அனுப்பலாம். திர்ஹம் முழுமையாக மாற்றத்தக்க நாணயமாக இல்லாதபோதும் இந்த வசதி உண்டு.

சீனக் குடிமக்களுக்கு விசா வேண்டாம் என்று மொராக்கோ அறிவித்தது 2016 ஜூன் 1 முதல்தான். ஆகவே முதலில் வந்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அவர்கள் விசா எடுத்து வந்து, நிறுவனம் பதிந்து, அதன் அடிப்படையில் வசிப்பிட அட்டை வாங்கினார்கள்.

கடை எப்படிக் கிடைக்கிறது?

எளிதில் கிடைப்பதில்லை. தர்ப் ஒமரில் மாத வாடகை பெரிய சுமையாக இருப்பதில்லை. உள்ளே நுழையத் தரவேண்டிய தொகைதான் ஆளைச் சாய்த்துவிடும். ஏற்கெனவே குடியிருக்கும் கடைக்காரர் தமது இருப்புரிமையை விட்டுக்கொடுப்பதற்காக வாங்கும் இந்தத் தொகைக்கு அங்கே 'சாரூத்' என்று பெயர். நம் ஊர்க் கடைத்தெருவில் பகடி என்று சொல்லப்படுவதற்கு ஏறக்குறைய ஒப்பானது. வணிகக் குத்தகையாளருக்கு மொராக்கோச் சட்டம் வலுவான பாதுகாப்பு தருகிறது. 1955ஆம் ஆண்டின் பழைய ஆணைக்குப் பதிலாக 2016இல் இயற்றப்பட்ட 49-16 எண் சட்டமும் அந்தப் பாதுகாப்பைப் பெரும்பாலும் தொடர்ந்தது. எனவே ஒரு நல்ல முகப்புக் கடையின் சாவி கைமாறும்போது பெருந்தொகை புரளும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சீனர் ஒருவர் தர்ப் ஒமரில் கடை எடுத்தார் என்றால், மொராக்கோக்காரர் ஒருவர் அதைக் கைநிறையப் பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தார் என்று பொருள். சீனர்களால் கடைவிலை ஏறிவிட்டது என்று காலையில் குறைப்படும் அதே தெருவில், மாலையில் சீனரிடம் சாவி விற்பவரும் இருந்தார். சாரூத் கொடுக்க முடியாத சீனர்கள் மாடிகளிலும் உட்புறச் சந்துகளிலும் கடை எடுத்தார்கள். கடை ஒன்றை இரண்டாகத் தடுத்து உள்வாடகைக்கு அமர்ந்தவர்களும் உண்டு.

ஒரு சீனக் கடையில் வியாபாரம் எப்படி நடக்கிறது?

கடைக்குள் சரக்கு அதிகம் இருக்காது. மாதிரிகள்தான் சுவரில் தொங்கும். கைப்பையோ செருப்போ பிளாஸ்டிக் பூவோ, ஒவ்வொன்றிலும் ஓர் எண் ஒட்டியிருக்கும். வாங்க வந்தவர் எண்ணைச் சொல்ல, உள்ளூர் விற்பனைப் பையன் எத்தனை டஜன், எத்தனை பெட்டி என்று குறித்துக்கொள்வான். கடைக்காரச் சீனப் பெண்மணி கால்குலேட்டரில் ஓர் எண்ணைத் தட்டி வாங்குபவர் பக்கம் திருப்புவார். அவர் அதை அழித்துத் தமது எண்ணைத் தட்டித் திருப்புவார். நான்கைந்து முறை அந்தச் சிறு பொறி மேசைமேல் இங்குமங்கும் போய்வந்தால் பேரம் முடிந்துவிடும். பிறகு கிடங்கிலிருந்து பெட்டிகள் வரும். கைவண்டிக்காரர் கட்டி ஏற்றிக்கொண்டு வெளியூர் லாரி நிற்கும் இடத்துக்குத் தள்ளிப் போவார்.

கால்குலேட்டரை நாடுவதற்கு மொழி தெரியாமை மட்டும் காரணமில்லை. மொராக்கோவின் சட்டபூர்வ நாணயம் திர்ஹம். ஆனால் சந்தையில் வாய்க்கணக்கு ரியாலில் நடக்கும். 20 ரியால் சேர்ந்தால் 1 திர்ஹம். ரியால் நாணயம் என்று ஒன்று இப்போது புழக்கத்தில் கிடையாது. வாயில் மட்டும்தான் இருக்கிறது. இதற்கு மேல், திர்ஹத்தில் நூற்றிலொரு பங்கான சென்டிமைக் கொண்டு கணக்குச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். "பதினைந்தாயிரம்" என்று ஒருவர் சொன்னால் சென்டிம் கணக்கில் அது 150 திர்ஹம். ரியால் கணக்கில் 750 திர்ஹம். எதிரில் இருப்பவர் எந்தக் கணக்கில் பேசுகிறார் என்பதை ஊரையும் பொருளையும் ஆளின் வயதையும் பார்த்து ஊகிக்க வேண்டும். இதில் தேர்ந்துவிட்ட சீனரைத் தர்ப் ஒமர் வெளியாளாக நடத்துவதில்லை.

வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகையோடு கடைத்தெரு அடங்கிவிடும். ரவையில் சமைக்கும் கூஸ்கூஸ் உண்ணும் நேரம் அது. சீனர்களும் சாத்திவிடுகிறார்கள், வாங்குபவர் இல்லாதபோது திறந்து என்ன பயன்?

உள்ளூர்ப் பணியாளர்களை வைத்துக்கொள்வது ஏன்?

மொழிக்காகவும், சட்டத்துக்காகவும். வெளிநாட்டுப் பணியாளரை நியமிக்க வேண்டுமானால் அந்த வேலைக்குத் தகுந்த மொராக்கோக்காரர் கிடைக்கவில்லை என்று பொதுவாகச் சான்று காட்டியாக வேண்டும். வேலை ஒப்பந்தத்துக்குத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஒப்புதலும் வேண்டும். செருப்பு விற்க மொராக்கோவில் ஆள் கிடைக்கவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஆகவே கணவனும் மனைவியும் முதலாளிகளாக அமர, விற்பனையும் வசூலும் உள்ளூர் இளைஞர் கையில் என்பது பெரும்பாலான கடைகளின் அமைப்பாயிற்று. இந்த இளைஞர்களில் சிலர் எந்தச் சரக்கு எந்த ஊர்த் தொழிற்சாலையில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதைக் கற்றுக்கொண்டு, பின்னர் தாமே யீவூவுக்குப் பயணப்பட்டார்கள்.

சீனர்கள் அவ்வளவு மலிவாக விற்க முடிந்தது எப்படி?

தொழிற்சாலைக்கும் கடைக்கும் இடையே தரகர் குறைவு என்பது பெரிய காரணம். உற்பத்தியாளர் உறவினராகவோ ஊர்க்காரராகவோ இருந்தால் சரக்கைக் கடனில் அனுப்புவார். கன்டெய்னர் விற்ற பிறகு பணம் போய்ச்சேரும். அடுத்த காரணம், ஒரு பெட்டிக்குக் கிடைக்கும் இலாபம் சிறிதாக இருந்தாலும் போதும், கன்டெய்னர் விரைவில் காலியாக வேண்டும் என்ற அணுகுமுறை.

தர்ப் ஒமரின் பழைய வழக்கம் இதற்கு நேர்மாறானது. அங்கே மொத்த வியாபாரி வாடிக்கையாளருக்கு மாதக்கணக்கில் கடன் கொடுப்பார். பின்தேதியிட்ட காசோலைகள் அதற்கு ஈடு. காசோலை திரும்பினால் மொராக்கோச் சட்டப்படி அது குற்றம் என்றாலும், திரும்பும் காசோலைகளுக்குக் குறைவில்லை. இந்த நட்டத்தையும் காத்திருப்பையும் அவர் சரக்கு விலையில் ஏற்றியாக வேண்டும். சீனர் பெரும்பாலும் ரொக்கம் கேட்டார்; அதனால் விலையைக் குறைக்க முடிந்தது. ரொக்கம் இல்லாத சில்லறைக்காரர் பழைய முதலாளியிடமே போனார். ஆகவே இரண்டு வகை வியாபாரமும் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன.

நேர்மையற்ற வழிகளும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. சுங்கத்தில் சரக்கின் மதிப்பைக் குறைத்துக் காட்டுவது, பெட்டி எண்ணிக்கையில் விளையாடுவது, புகழ்பெற்ற வணிகச் சின்னங்களைப் போலியாக ஒட்டுவது ஆகியவை குறித்துக் குற்றச்சாட்டுகள் தொடர்ந்து எழுந்தன. இவற்றைச் சீனர் மட்டுமே செய்தார்கள் என்று சொல்வோர் தர்ப் ஒமரின் வரலாற்றை அறியாதவர்களாகவோ, நன்றாக அறிந்தவர்களாகவோ இருக்க வேண்டும்.

உள்ளூர் வணிகர்கள் எதிர்த்தார்களா?

முணுமுணுப்பும் முறையீடும் இருந்தன. மொத்த வியாபாரம் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒற்றைப் பொருளையும் சில்லறையாக விற்கிறார்கள் என்பது முக்கியக் குறை. மொத்த விற்பனையாளர் சில்லறையில் இறங்கினால் அவரிடம் வாங்கும் சிறு கடைக்காரரின் பிழைப்பு போய்விடும் என்பது சந்தையின் எழுதப்படாத சட்டம். அதைச் சீனர்கள் மீறினார்கள் என்பதில் உண்மை இருந்தது.

அதிகமாக அடிபட்டவர்கள் கடைக்காரர்களைக் காட்டிலும் பட்டறைக்காரர்களே. தோலில் தைக்கும் 'பல்கா' என்ற பாரம்பரியச் செருப்பின் செயற்கைத் தோல் வடிவம் சீனாவிலிருந்து வந்து குவிந்தது. கஃப்தான், ஜெல்லாபா ஆடைகளுக்கான துணியும், தொழுகை விரிப்பும், தேநீர்த் தட்டும் அவ்வாறே வந்தன. இவற்றின் மாதிரியைச் சீனத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய், இப்படியே செய்து தாருங்கள் என்று கேட்டவர்களில் மொராக்கோ இறக்குமதியாளர்கள் நிறைய இருந்தார்கள். மாதிரி இல்லாமல் சீனத் தொழிற்சாலை ஃபெஸ் நகரத்துச் செருப்பை எப்படிச் செய்யும்?

பயனடைந்தவர்களின் குரல் செய்தித்தாள்களில் குறைவாகவே கேட்டது. நடைபாதையில் துணி விரித்து விற்கும் 'ஃபர்ராஷா' எனப்படும் ஏழை வியாபாரிகளுக்கு, சிறு முதலில் இரண்டு பெட்டி எடுத்துக்கொண்டு போய் விற்கச் சீனக் கடைகள் வழி செய்தன. பழைய முதலாளிகள் அவர்களை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. ஆஷூரா நாளில் மொராக்கோக் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் வாங்கிக்கொடுப்பது மரபு. அந்த நாளுக்கு முந்தைய வாரங்களில் தர்ப் ஒமரிலிருந்து பிளாஸ்டிக் பொம்மை மூட்டைகள் கிளம்பி ஊர் ஊராகப் போய் நடைபாதைகளில் விரியும்.

அன்னியர் வந்து தங்கிக் கடை வைப்பது முறையா என்ற வாதத்துக்கு ஃபெஸ் குடும்பங்களின் வரலாறே விடை சொல்லும். 19ஆம் நூற்றாண்டில் அவர்களில் சிலர் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்குப் போய்க் குடும்பத்துடன் தங்கி, பருத்தித் துணியை வாங்கி மொராக்கோவுக்கு அனுப்பினார்கள். 1930கள் வரை அந்தச் சிறு குடியேற்றம் அங்கே நீடித்தது. சூஸ் மக்களோ பிரெஞ்சு நகரங்களின் தெருமுனைகளில் நள்ளிரவு வரை திறந்திருக்கும் மளிகைக் கடைகளுக்காக அறியப்பட்டவர்கள்.

வன்முறை நடந்ததா?

தர்ப் ஒமரில் சீனர்களுக்கு எதிரான பெருங்கலவரம் என்று குறிப்பிடத்தக்கது எதுவும் இல்லை. அடிக்கடி நினைவுகூரப்படும் நிகழ்ச்சி அல்ஜியர்ஸ் நகருடையது. அதன் கிழக்குப் புறநகரான பாப் எஸ்ஸூவாரில் 2009 ஆகஸ்ட் 3 அன்று வண்டி நிறுத்துவது தொடர்பாகச் சீனர் ஒருவருக்கும் உள்ளூர்க் கடைக்காரர் ஒருவருக்கும் ஏற்பட்ட தகராறு கைகலப்பாக வளர்ந்தது. சீனர்கள் சிலர் காயமடைந்தார்கள், கடைகள் சூறையாடப்பட்டன. அல்ஜீரியாவின் நிலை வேறு. நெடுஞ்சாலை, குடியிருப்பு எனச் சீனக் கட்டுமான நிறுவனங்கள் அழைத்துவந்த தொழிலாளர்கள் அங்கே பல்லாயிரம் பேர். வேலையற்ற உள்ளூர் இளைஞர்களின் கசப்பு அவர்கள் மேலிருந்து கடைக்காரர்கள் மேலும் படிந்தது. மொராக்கோவில் சீனர் தொகை மிகச் சிறியது. சீனத் தொழிலாளர் கூட்டம் என்று எதுவும் அக்காலத்தில் கண்ணில் படவில்லை. கெய்ரோவில் கதை இன்னொரு வகை: அங்கே சீனப் பெண்கள் துணிப் பையைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போய் விற்றார்கள். வட ஆப்பிரிக்கா முழுவதற்கும் ஒரே விளக்கம் தர முயல்வது வீண்.

தர்ப் ஒமரைச் சீன நகரம் என்று அழைக்கலாமா?

கூடாது. சிவப்புத் தோரண வாயிலோ, சீனக் கோயிலோ, சீன எழுத்துப் பலகைகள் நிரம்பிய தெருவோ அங்கே இல்லை. கடைகள் சிதறிக் கிடக்கின்றன; குடும்பங்கள் வாழ்வதும் வெவ்வேறு பகுதிகளில். பழைய குடியேற்றத்தின் நினைவும் கிடையாது. மொராக்கோவில் 'சீனர்கள்' பெயரில் ஒரு குடியிருப்பு வேறோர் இடத்தில் உண்டு: பிரெஞ்சுப் படையில் இந்தோசீனாவுக்குப் போன மொராக்கோச் சிப்பாய்கள் 1972இல் வியட்நாமிய மனைவியரோடும் பிள்ளைகளோடும் திரும்பியபோது, சிலருக்குச் சீதி யஹ்யா அருகே நிலம் தரப்பட்டது, அக்கம்பக்கத்தார் அதற்குச் சீனர் குடியிருப்பு என்று பெயரிட்டுவிட்டார்கள். வணிகர்களுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

குடும்ப வாழ்க்கை எப்படி?

கடையும் வீடும் தவிர வேறு உலகம் அறியாத வாழ்க்கை என்றே பெரும்பாலும் சொல்லலாம். கைக்குழந்தைகளை ஊரில் பாட்டன் பாட்டியிடம் விட்டுவைப்பது வழக்கம். இங்கே வளரும் பிள்ளைகள் பள்ளியில் பிரெஞ்சும் தெருவில் தாரிஜா எனப்படும் மொராக்கோப் பேச்சு அரபும் பேசி, பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளர்களாகிவிடுகிறார்கள். கலப்பு மணம் அரிது. முஸ்லிம் அல்லாத ஆண் மொராக்கோ முஸ்லிம் பெண்ணை மணக்க வேண்டுமானால் இஸ்லாத்தைத் தழுவ வேண்டும் என்று 2004ஆம் ஆண்டின் குடும்பச் சட்டம் கூறுகிறது.

ரமதானும் சீனப் புத்தாண்டும் வியாபாரத்தை எப்படிப் பாதிக்கின்றன?

ரமதானுக்கு முன்பாகக் குவளை, தட்டு, மேசை விரிப்பு ஆகியவையும், பெருநாளுக்குக் குழந்தைகளின் உடைகளும் நன்றாக விற்கும். ஆனால் சரக்கு சீனாவின் நிங்போ துறைமுகத்திலிருந்து காசாபிளாங்கா வந்துசேர ஒன்றரை மாதம் அளவில் ஆகும்; சீனப் புத்தாண்டின்போது தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும். ரமதான் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னே நகர்வதால் இரண்டும் சில ஆண்டுகளில் மோதிக்கொள்கின்றன. 2026இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17 அன்று. ரமதான் அதே வாரத்தில் தொடங்கியது. அப்படிப்பட்ட ஆண்டில் டிசம்பருக்குள் கப்பலேறாத சரக்கு அடுத்த பருவம்வரை கிடங்கில் தூங்க வேண்டியதுதான்.

சியூட்டா, மெலில்லா வழியாகவும் சீனச் சரக்கு வந்ததாகச் சொல்கிறார்களே?

உண்மை. ஸ்பெயினின் கையிலிருக்கும் இவ்விரு நகரங்களும் மொராக்கோ மண்ணின் ஓரத்தில் இருப்பவை. சியூட்டாவின் தாரஹால் கிடங்குகளில் இருந்த சரக்கில் சீனாவிலிருந்து வந்தவை ஏராளம். எல்லையைக் கால்நடையாகக் கடப்பவர் சுமந்து வரும் மூட்டைக்குச் சுங்கவரி கேட்கப்படுவதில்லை என்ற நடைமுறையைப் பயன்படுத்தி, ஏழைப் பெண்கள் தங்கள் உடல் எடைக்கு நிகரான பொதிகளை முதுகில் கட்டிக் குனிந்தபடி கொண்டுவந்தார்கள். நெரிசலில் சிக்கி இறந்தவர்களும் உண்டு. 2019 அக்டோபரில் மொராக்கோ தாரஹால் வழியை மூடியது. வடபகுதிச் சந்தைகளுக்கு அவ்வழியாகப் போன மலிவுச் சரக்கு தர்ப் ஒமர் விலையைப் பல ஆண்டுகள் அழுத்திவந்தது.

சீன வணிகர்கள் ஏன் மேன்மேலும் பெருகவில்லை?

அவர்கள் வைத்திருந்த சாதகம் ஒன்றே ஒன்று: சரக்கு பிறக்கும் இடத்தோடு நேரடித் தொடர்பு. யீவூவில் 2002இல் திறக்கப்பட்டுப் படிப்படியாக விரிந்த பெருஞ்சந்தையில் ஏறத்தாழ 75,000 கடைகள் இருக்கின்றன. அரபு நாடுகளிலிருந்து வருபவர்களுக்கென்று அங்கே ஹலால் உணவகங்களும், பெரிய மசூதியும், மொழிபெயர்ப்புக்கு அரபு கற்ற சீன முஸ்லிம் இளைஞர்களும் உண்டு. மொராக்கோ வணிகர்கள் அங்கே போய்த் தாமே கன்டெய்னர் நிரப்பப் பழகியதும், தர்ப் ஒமரில் உட்கார்ந்திருக்கும் சீனரிடம் வாங்க வேண்டிய தேவை சுருங்கியது. வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்கும் வலிமையும், யாருடைய காசோலை திரும்பும் என்ற அறிவும் மொராக்கோக்காரரிடமே இருந்தன. இவை சீனருக்கு எளிதில் வாய்க்காதவை.

மற்ற நெருக்கடிகளும் சேர்ந்தன. துருக்கியுடனான தடையற்ற வணிக ஒப்பந்தம் 2006இல் நடைமுறைக்கு வந்ததும் துருக்கி ஆடைகள் தரத்திலும் விலையிலும் சீனச் சரக்கை நெருக்கின. உள்ளூர்த் துணித் தொழில் பாதிக்கப்பட்டதால் 2020இல் அந்த ஒப்பந்தம் திருத்தப்பட்டது. அதே 2020இல் மொராக்கோ உச்ச இறக்குமதி வரியை 25 விழுக்காட்டிலிருந்து முதலில் 30ஆகவும் பின்னர் 40ஆகவும் உயர்த்தியது. அதற்கு மேல் 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி. கொரோனாத் தொற்று கப்பலையும் விமானத்தையும் நிறுத்தியது. காசாபிளாங்காவுக்கும் பீஜிங்குக்கும் இடையே 2020 ஜனவரி 16 அன்று தொடங்கிய நேரடி விமானச் சேவை அம்மாத இறுதியிலேயே நிறுத்தப்பட்டு, 2025 ஜனவரியில்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் கைப்பேசியில் பொருள் வாங்கும் பழக்கம் வளர்ந்தது. வெளிநாட்டு இணையக் கடைகளில் வாங்கும் சிறு பொட்டலங்களுக்கு இருந்த சுங்கச் சலுகையை 2022 ஜூலையில் மொராக்கோ நீக்கிய பின்னும் அந்தப் போட்டி ஓயவில்லை.

சீன அரசின் திட்டங்களுக்கும் இந்தக் கடைக்காரர்களுக்கும் தொடர்பு உண்டா?

மிகக் குறைவு. பிற நாடுகளில் சாலை, துறைமுகம் போன்றவற்றைக் கட்டும் சீனாவின் பட்டை மற்றும் பாதைத் திட்டத்தில் மொராக்கோ கையெழுத்திட்டது 2017இல். அதற்குள் தர்ப் ஒமரின் சீனக் கடைகளுக்கு 15 வயதுக்கு மேல் ஆகிவிட்டது. தாஞ்சியர் தொழில் நகரத் திட்டமும், கெனித்ராவில் 2024இல் உடன்பாடு கையெழுத்தான மின்கலத் தொழிற்சாலையும் பெருநிறுவனங்களின் உலகம். கைப்பை விற்கும் குடும்பத்துக்கு அங்கிருந்து உதவித்தொகையும் வராது, ஆணையும் வராது. அதிகபட்சம், அந்நிறுவனங்களின் பொறியாளர்கள் வரும்போது சீன உணவகம் ஒன்று கூடுதலாகத் திறக்கும். கடையை மூடிய சில வணிகர்களுக்கு மொழிபெயர்ப்பு வேலை கிடைக்கும்.